ஏரிக்குள் ஒரு புள்ளி

பருத்திப்பட்டு ஏரியைப் பார்த்த அந்த ஃபிளாட்டுக்குத் திருநெல்வேலியிலிருந்து நிஷா குடிவந்த அன்று விடாத மழை. சாமான்களைப் பிரிப்பதற்கு முன்பே லேப்டாப்பைத் திறக்க வேண்டியிருந்தது. அலுவலகத்தில் சம்பத் பார்த்துவந்த வேலையை அவளிடம் கொடுத்திருந்தார்கள். திருத்தணி வரை போய்வருகிறேன் என்று பைக்கில் கிளம்பிய சம்பத், ஒரு மாதமாகியும் வீடு திரும்பவில்லை.

வேலையோடு அவன் எழுதிய சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றும் வந்து சேர்ந்தது. ஒரு சொல்லைத் தட்டினால் அதற்குரிய இணைய முகவரியைத் திறந்துவிடும். அவன் வைத்திருந்த முகவரிகளை அழித்துவிட்டு, தனக்கு வேண்டியவற்றை எழுதிச் சேர்த்தாள் நிஷா. ‘மெயில்’ என்று தட்டிப் பார்த்தாள்.

மெயில் திறக்கவில்லை. மேப் திறந்தது. பருத்திப்பட்டு ஏரியின் கரையை ஒட்டி, தண்ணீருக்குள் ஒரு சிவப்புப் புள்ளி.

எங்கோ தப்பு செய்துவிட்டோம் என்று ஸ்கிரிப்டை வரிவரியாகப் படித்தாள். மேப்பின் முகவரி அதில் எங்குமே இல்லை. வேறொரு சொல்லைத் தட்டினாள்.

அதே ஏரி. அதே புள்ளி.

சாத்திய அறைக்குள் சேற்று வாடை அடித்தது.

சம்பத்தின் மனைவி சுதா ஆவடியில் இருந்தாள்; வேலை விஷயமாக முன்பே போனில் பேசிப் பழகியவள். அவளுக்குப் போன் செய்தாள்.

“இன்னா நிஷா சொல்றே? ஏரிக்குள்ளயா?” சுதாவின் குரல் அடங்கிப்போயிற்று. “அவரு அந்தக் கர வழியாத்தான் போவாரு.”

மறுநாள் போலீஸ் ஆட்களை இறக்கித் தேடியது. புள்ளி காட்டிய இடத்தில் பைக் கிடைத்தது. அதற்கடியில் சம்பத்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு நிஷா ஸ்கிரிப்டை அழித்தாள். சொல்ல வந்ததை அவன் சொல்லிவிட்டான் என்று மனம் கொஞ்சம் ஆறியது.

ஒரு பிற்பகல். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தாள். பிரௌசர் தானாகவே திறந்திருந்தது.

மேப்.

புள்ளி ஏரியில் இல்லை.

சாலையில் ஏறியிருந்தது. அவள் பார்க்கப் பார்க்க, சுதா குடியிருக்கும் தெருவுக்குள் திரும்பியது.

உடனே சுதாவை அழைத்தாள். “அக்கா, வீட்லயா இருக்கீங்க? கதவு சாத்தியிருக்கா?”

“சாத்திதான் கீது. ஏன் இப்பிடி ரகசியமா பேசுறே?” என்ற சுதா, சட்டென்று நிறுத்தினாள். “இரு நிஷா. வாசலாண்ட அவரு வண்டிச் சத்தம் கேக்குது.”

“அந்த வண்டி போலீஸ் ஸ்டேஷன்லல்லா நிக்கு! திறக்காதீங்கக்கா!”

“எத்தினி நாளா காத்துகினு கீறேன், தெரியுமா?” அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

தாழ்ப்பாள் விலகும் ஓசை.

பிறகு தரையில் சொட்டுச்சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம்.

போன் இணைப்பு அறுந்தது. திரையில் அந்தப் புள்ளி தெருவை விட்டு வெளியே வந்து, ஏரியை நோக்கி மெல்ல நகர்ந்தது.

அதன் பின்னாலேயே, ஒட்டினாற்போல், இன்னொரு புள்ளி.