மருதமரத்தின் உயரம்

மூங்கில் கோலின் நிழல் ஆறடி இருந்தது. அதன் பக்கத்தில் நின்ற லூர்துவின் நிழல் ஐந்தடிதான் இருந்தது. கோலும் லூர்துவும் ஒரே உயரம்.

அப்துல் சுக்கூர் குனிந்து மறுபடி பார்த்தார். ஸ்ரீரங்கத்தில் காவிரிக்கரைப் பூங்காவின் உயர்ந்த மரங்களை அளந்து, யுத்த வேலைக்காகப் பட்டியல் கொடுக்க வேண்டும். கோலின் நிழல் கோலின் நீளத்துக்கே வரும் நேரத்தில் மரத்தின் நிழலை அளந்தால், அதுதான் மரத்தின் உயரம். மற்ற மரங்கள் முடிந்துவிட்டன. மிச்சம் இந்த மருது ஒன்றுதான். நேற்று எண்பதடி. சரிபார்ப்பதற்காக லூர்து இப்போது டேப்பின் நுனியோடு நிழலுக்குள்ளேயே நடந்து, அதன் முனைவரை போய்த் திரும்பியிருந்தான். எண்பத்தொன்று.

"உன் நிழலைப் பாரு, லூர்து."

"என் வீட்டுக்காரி ஊத்துற கஞ்சிக்கு இவ்வளவு நிழல் விழுறதே பெரிசு பாய். எண்பதுன்னு எழுதிட்டு வாங்க, போவோம்."

சுக்கூர் சிரிக்கவில்லை. போன மாதம் ஒரு தப்பு அளவு கொடுத்திருந்தார். இன்னொன்று வந்தால் வேலை கிடையாது என்று ஓவர்சியர் சொல்லிவிட்டார்.

"இன்னொரு தடவை பிடி."

சுக்கூர் டேப்பின் மறுமுனையை அடிமரத்தில் பிடித்து நிற்க, லூர்து மணலில் இறங்கினான். காற்றே இல்லாத அந்தக் காலையில் தலைக்கு மேல் இலைகள் மட்டும் ஓயாமல் சலசலத்தன. அடிமரத்திலிருந்து, நாள்கணக்கில் மூடிக்கிடந்த ஈரத்துணியின் வாடை வந்தது. எப்போதும் கத்தும் காகங்களைக் காணோம். டேப்பு இரண்டு முறை இழுபட்டது. நுனியை வைத்தாயிற்று, படியுங்கள் என்று லூர்து தரும் சைகை அது.

எண்பத்துமூன்று. வெயில் ஏற ஏற நிழல் குறையத்தான் வேண்டும்.

திரும்பி வந்தவனின் நிழல் கோலின் நிழலில் பாதிகூட எட்டவில்லை.

"குளுருது பாய்." மே மாத வெயிலில் லூர்துவின் பற்கள் அடித்துக்கொண்டன. "போதும், போயிடுவோம்."

போயிருக்கலாம். ஆனால் ஒரே மரத்துக்கு நோட்டில் மூன்று அளவு இருந்தது.

"கடைசியா ஒரு தடவை."

லூர்து நுனியை எடுத்துக்கொண்டு போனான். டேப்பு நீண்டது. நின்றது. இரண்டு முறை இழுபட்டது.

எண்பத்தாறு.

சுக்கூர் நிமிர்ந்தார். மணலில் ஆள் இல்லை. காலடிகள் நிழலுக்குள் போயிருந்தன. வெளியே வரவில்லை.

நிழலின் முனை மாறியிருந்தது. இலைக்கொத்து இருந்த இடத்தில் ஒரு தலை. இரண்டு தோள். மரத்தின் உச்சியில் யாரோ நிற்பதுபோல. அண்ணாந்து பார்த்தார். உச்சியில் யாரும் இல்லை.

கையிலிருந்த டேப்பு தளரவில்லை. குனிந்து தன் கால்களைப் பார்த்தார். அவையும் அந்த நிழலுக்குள்தான் இருந்தன.

டேப்பு மறுபடியும் இழுபட்டது. இரண்டு முறை.