நொட்டைத் தாத்தாவின் படம்

அந்தத் தாத்தா மறுபடியும் கடை வாசலில் வந்து நின்றதும் அம்மாவின் முகம் சுருங்கிப் போயிற்று.

படங்களுக்கு பிரேம் போட்டுக் கொடுப்பதுதான் அம்மாவின் தொழில். இவருக்கு நான் வைத்த பெயர் நொட்டைத் தாத்தா. முதலில் மரத்தின் நிறம் சரியில்லை என்றார். அம்மா மாற்றினாள். பிறகு கண்ணாடி சரியில்லை என்றார். அதையும் மாற்றினாள்.

"இப்ப என்னங்க ஐயா?"

"என்னவோ சரியில்ல! இதெல்லாம் ஒரு வேலையா?" என்று கத்தினார்.

சுருட்டிய படத்தோடு உள்ளே வந்த ஓர் அக்கா, அதைக் கேட்டுவிட்டு அப்படியே திரும்பிப் போனார்.

அம்மா பின்னறைக்கு வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்படி ஒவ்வொருத்தரா போனா கடைய மூட வேண்டியதுதான். இனிமே என்னால ஆகாதுன்னு சொல்லி அனுப்பிடறேன்."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கத்தான் வெளியே போனேன்.

தாத்தா முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தப் படம். அதில் ஒரு சின்னப் பெண் சைக்கிளில் சிரித்துக்கொண்டிருந்தாள். தாத்தா அவளைப் பார்க்கவில்லை. படத்தைச் சுற்றியிருந்த வெள்ளை அட்டையின் இடது ஓரத்தையே விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

படத்தின் ஓரத்தில் அரைகுறையாக ஏதாவது தெரிந்தால், அம்மா அதை அட்டையால் மறைத்துவிடுவாள். பார்க்க நன்றாக இருக்குமாம்.

"தாத்தா, அந்த இடத்துல என்ன இருந்துச்சு?"

விரலை எடுக்காமலே நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"கை" என்றார். "என் வீட்டுக்காரியோட கை. பொண்ணு விழுந்துடாம சீட்டைப் பிடிச்சிருந்தா. போட்டோன்னாலே ஓடி ஒளியறவ அவ. இப்ப அவளே இல்ல. அந்தக் கை மட்டும்தான் இருந்துச்சு."

"அடடா, இதை அன்னைக்கே கேட்டிருக்கலாமே!"

"வெட்டிட்டோம்னு சொல்லிட்டா என்ன பண்றது பாப்பா? பயமா இருந்துச்சு. வாயைத் திறந்தா சத்தம்தான் வந்துச்சு."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. பின்னறைக்கு ஓடினேன். "அம்மா, அந்தப் படத்தோட ஓரத்தை வெட்டிட்டியா?"

"ஏன்டி, அடுத்தவங்க படத்துல கத்தரி வைப்பேனா?"

கதையைச் சொன்னதும் அம்மா வந்து ஆணிகளைக் கழற்றினாள். அட்டையைத் தூக்கினாள். சைக்கிள் சீட்டை இறுக்கிப் பிடித்தபடி நாலு விரல்கள் இருந்தன.

தாத்தா அழுதார். அம்மாவும் அழுதாள்.

"கேக்காம மறைச்சது என் தப்புங்க ஐயா" என்று சொல்லி, அட்டை இல்லாமலே பிரேம் போட்டுக் கொடுத்தாள்.

தாத்தா படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசல்வரை போனவர், திரும்பினார். "பழைய நிறமே தேவலை" என்றார்.

மறுநாள் அந்த அக்கா சுருட்டிய படத்தோடு திரும்பி வந்தார். "வழியில ஒரு தாத்தா பிடிச்சு நிறுத்திட்டாரு. நிறம் சுமாராத்தான் இருக்கும், ஆனா இங்கயே குடுன்னாரு."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படத்தை மேசையில் விரித்து, அளவெடுக்கும் முன்பே கேட்டாள்.

"ஓரத்துல நிக்கறது யாரும்மா?"