ஒரு சாண் தள்ளி ஒரு சொம்பு

வெளுக்கப் போட்ட துணி குறைந்து திரும்பினால் பயப்பட ஒன்றுமில்லை. உலகம் வழக்கம்போல் நடக்கிறது என்று அர்த்தம். அன்று மதியம் பெத்தேல் லாட்ஜுக்கு ஒரு படுக்கை விரிப்பு கூடுதலாக வந்திருந்தது.

“ஒம்பதுதான குடுத்தேன்?” என்றார் ஞானசிகாமணி.

“நீங்க ஒம்பதுன்னுதான் சொன்னீக. மூட்டைய அவுத்தா பத்து கெடந்துச்சு,” என்றாள் சந்தனம்மாள். “கூட வந்ததுக்கும் சண்டை போடுற ஆள இப்பத்தான் பாக்குறேன். வேணாம்னா குடுங்க, எம் மகளுக்குப் பாவாடை தச்சுக்கிறேன்.”

“தச்சுக்கோ. பள்ளிக்கூடத்துல பிள்ளைய ‘பெத்தேல் லாட்ஜு’ன்னு கூப்பிடட்டும்.”

அவள் சிரிக்கவில்லை. “இது காயவே மாட்டேங்குது, அண்ணாச்சி. மூணு நாளாக் கொடியில கெடக்கு. மத்ததெல்லாம் அப்பளமாட்டம் மொறமொறன்னு ஆயிருச்சு, இதுல மட்டும் ஈரம் போகல. என்ன எழவோ,” என்று சொல்லிவிட்டு மூட்டைத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

ஞானசிகாமணி விரிப்பை எடுத்துப் பார்த்தார். கம்பம் பள்ளத்தாக்கில் ஜூன் மாதச் சாரல் தொடங்கிவிட்டால் எதுவும் லேசில் காயாதுதான். ஆனால் இது குளிர்ந்த ஈரமாக இல்லை. பக்கத்தில் படுத்திருந்தவர் இப்போதுதான் எழுந்து போனதுபோல் ஒரு வெதுவெதுப்பு. முகர்ந்தார். சவுக்கார வாசனைக்கு அடியில் டீசல். அதற்கும் அடியில் ஏலக்காய். எஸ்டேட் ஜீப்புகளின் பின்சீட்டில் வருகிற அதே வாசனை.

மூலையில் வண்ணார் மையில் எழுதியிருந்தது, அவருடைய கையெழுத்தேதான்: பெ.லா. 6.

விரிப்பை மேசைக்கு அடியில் திணித்தார். காலால் இன்னும் உள்ளே தள்ளினார்.

அந்த லாட்ஜுக்கு முதலாளி, மேனேஜர், ரூம் பையன் எல்லாம் அவரே. கீழே வீடு, மாடியில் ஒரே ஒரு நீள ஹால், அதில் வரிசையாக இரும்புக் கட்டில்கள். முதுகில் மூட்டையைச் சுமந்துகொண்டு வரும் வெள்ளைக்காரப் பிள்ளைகள், தேக்கடிக்குப் போகிற வழியில் ஓரிரண்டு நாள் தங்குவார்கள். நாட்டில் அத்தனை பெரிய ஓட்டல்கள் இருக்க இந்தப் பிள்ளைகள் ஏன் தன்னிடம் வந்து மாட்டுகிறார்கள் என்று அவருக்கே விளங்கியதில்லை. கிளம்பும்போது ஒவ்வொருவரிடமும் ஒரு நீல அட்டை நோட்டை நீட்டி, தங்கிய அனுபவத்தை எழுதச் சொல்வார். அபிப்பிராயப் புத்தகம் என்று அதற்குப் பெயர். அவர் அதைப் படித்ததில்லை. அவருடைய இங்கிலீஷ் ‘ஹாட் வாட்டர் நோ’ என்பதைத் தாண்டியதில்லை. எழுத்து நீளமாக ஓடினால் பாராட்டு, குட்டையாக நின்றால் மூட்டைப்பூச்சி என்று ஒரு கணக்கு வைத்திருந்தார்.

அன்று ஹாலில் தங்க வந்திருந்தது ஒரே ஒருவர்: செல்வமணி, மதுரை பூச்சிமருந்துக் கம்பெனி விற்பனையாளர். திராட்சைத் தோட்டக்காரர்களைப் பார்க்க மாதம் ஒருமுறை கம்பம் வருவார். டீ குடிக்கும்போது நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, இத என்னைக்காவது படிச்சிருக்கீகளா?”

“எழுதச் சொல்றதுதான் தம்பி நம்ம வேலை.”

“தமிழ்ல சொல்றேன், கேளுங்க. ‘இங்கே மூட்டைப்பூச்சிகள் பிரியமானவை. பிரிய மனசில்லாமல் என் பையில் ஏறிக்கொண்டன.’”

“திராட்சைக்கெல்லாம் மருந்து விக்கிறீக, எங் கட்டிலுக்கு ஒரு சொட்டு அடிக்கப்படாதா?”

செல்வமணி சிரித்துக்கொண்டே அடுத்த பக்கம் போனார். சிரிப்பு பாதியில் நின்றது.

“ஆறாம் கட்டில்ல யாரு அண்ணாச்சி?”

ஞானசிகாமணியின் டம்ளர் உதட்டருகே நின்றது.

“மார்ச்சுல ஒருத்தர் எழுதியிருக்காரு. ‘ஆறாம் கட்டில் பெண்ணுக்குக் கடுமையான காய்ச்சல். இரவு முழுக்கத் தண்ணீர் கேட்டாள். யாராவது கவனியுங்கள்.’ ஏப்ரல்ல வேற கையெழுத்து. ‘ஆறாம் கட்டில் பெண்ணுக்கு என் தண்ணீரைக் கொடுத்தேன், வாங்கவில்லை. மேனேஜர்தான் தர வேண்டுமாம்.’” செல்வமணி ஒரு தாளைப் புரட்டினார். “இது போன மாசம். ‘அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். நீங்கள் எல்லோரும் எப்போது கிளம்புவீர்கள்?’”

“வெள்ளைக்காரப் பிள்ளைக தம்பி. கஞ்சாவை இழுத்துட்டு எதையாச்சும் எழுதும். ஆறாம் நம்பர்னு கட்டிலே கெடையாது மாடியில. பழைய இரும்புக்குப் போட்டு பதினோரு மாசமாச்சு.”

செல்வமணி மாடிக்குப் போய்ப் பார்த்தார். ஐந்துக்கு அடுத்து ஏழு. நடுவில் ஒரு கட்டில் அளவுக்கு வெற்றுத் தரை. அந்தத் தரை மட்டும் நனைந்திருந்தது. மேலே கான்கிரீட் கூரை, ஒழுக வழியில்லை. இறங்கி வந்தவர் கையில் பெட்டி இருந்தது. இரவு தங்குவதாகச் சொன்னவர், ஐந்து மணி மதுரை பஸ்ஸுக்கே போகிறேன் என்றார்.

“போயிட்டு வாங்க,” என்றார் ஞானசிகாமணி. அது அவர் வாயில் ஊறிய சொல். பால்காரருக்கும் அதுதான், போஸ்ட்மேனுக்கும் அதுதான். ‘வர்றேன்’ என்பதுதான் யாரும் சொல்லும் பதில்.

செல்வமணி பதில் சொல்லாமல் நடந்தார்.

மார்த்தாவுக்கு அந்தப் பதிலைச் சொல்லித் தந்ததே அவர்தான்.

போன வருஷம் ஜூலையில் வந்த வெள்ளைக்காரப் பெண் அவள். “எங்க சித்தி பேரும் மார்த்தாதான்,” என்று சொல்லி அவளைச் சிரிக்க வைத்தார். அவருடைய நகைச்சுவைக்கு அர்த்தம் புரியாமலும் சிரிக்கிற ஒரே ஆள் அவள். சொந்த மனைவி சாராளே கைவிட்டுவிட்ட நிலையில் அவருக்கு அது பெரிய ஆறுதல். அவள் கேட்டுக் கேட்டு இரண்டு வார்த்தை கற்றுக்கொண்டாள். ஒன்று ‘தண்ணி’. இன்னொன்று ‘போயிட்டு வர்றேன்’. இந்த ஊரில் யாரும் ‘போறேன்’ என்று மட்டும் சொல்லிக் கிளம்பக் கூடாது, அப்படிச் சொன்னால் திரும்பாத பயணம் என்று கைச்சாடையில் விளக்கினார். அவள் பயபக்தியோடு பத்துத் தரம் சொல்லிப் பழகினாள்.

கூட வந்தவர்கள் முன்கூட்டியே தேக்கடிக்குப் போய்விட்டார்கள். மூன்றாம் நாள் அவளுக்குக் காய்ச்சல். கழுத்தில் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. ஞானசிகாமணி இரண்டு எட்டு பின்னால் வைத்தார். அம்மை! சுகாதாரக்காரர்களுக்குத் தெரிந்தால் லாட்ஜுக்குச் சீல் வைப்பார்கள். பிறகு எந்த மூட்டைக்காரப் பிள்ளையும் இந்தப் பக்கம் தலை காட்டாது. ஹாலில் இருந்தவர்களைச் சாக்குச் சொல்லி அனுப்பினார். அவளை உள்ளே வைத்து வெளியே தாழ் போட்டார். தண்ணீர்ச் சொம்பைக் கதவுக்கு வெளியே வைத்தார். தைரியம் வந்ததும் கதவைத் திறந்து கொடுத்துவிடலாம் என்று நினைத்தார். இரண்டு நாளாகத் தைரியம் வரவில்லை.

யாரிடமும் சொல்லாதது ஒன்று உண்டு. அந்தக் கதவுக்கும் தரைக்கும் நடுவே நாலு விரல்கடை இடைவெளி. இரண்டாம் நாள் சாயங்காலம் அந்த இடைவெளி வழியே அவள் விரல்கள் வெளியே வந்தன. தரையைத் தடவின. சொம்பு ஒரு சாண் தள்ளி இருந்தது. அவர் பக்கத்தில்தான் நின்றார். காலால் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் போதும். காலை நீட்டினார். அந்த விரல் மேலே பட்டுவிட்டால்? காலை இழுத்துக்கொண்டார்.

விடிந்ததும் ஹனீபாவின் எஸ்டேட் ஜீப்பைக் கூப்பிட்டார்.

“மலை மெட்டு ஏறிக் கேரளாவுல விட்ருப்பா. அங்கன பெரிய ஆஸ்பத்திரி இருக்கு.”

“இங்கனயே இருக்கே, அண்ணாச்சி. நாலு தெரு தள்ளி.”

“சொன்னதச் செய்யி.”

செக்போஸ்ட் தாண்டிவிட்டால் அது வேறு ராஜ்ஜியத்துக் கவலை. ஆறாம் நம்பர் விரிப்பாலேயே சுற்றிப் பின்சீட்டில் கிடத்தினார்கள். வெடித்த உதட்டைத் திறந்து அவள் சொன்னாள், பிசகில்லாமல்:

“போயிட்டு வர்றேன்.”

அவர் வாய் தானாகச் சொல்லியது. “போயிட்டு வாங்க.”

சாயங்காலம் ஹனீபா வந்தான். ஜீப்பை விட்டு இறங்கவில்லை.

“பாதி மலையிலயே முடிஞ்சிருச்சு, அண்ணாச்சி. ஆஸ்பத்திரியில பாத்தா மலேரியாவாம். அம்மையெல்லாம் இல்லையாம். முந்தாநாளே தண்ணியக் குடுத்து மருந்து குடுத்திருந்தாப் பொழச்சிருக்கும்னாக.” வண்டியைக் கியரில் போட்டான். “கழுத்துல இருந்தது மூட்டைப்பூச்சி கடிச்ச தடிப்பாம்.”

அதன் பிறகு ஹனீபா அந்த வாசலில் வண்டி நிறுத்தியதில்லை.

சாராள், மகளின் பிரசவத்துக்காகத் தேனி போயிருந்தாள். வர இன்னும் பன்னிரண்டு நாள். ஏழு மணிக்கு மின்சாரம் போனது. மழை சத்தமில்லாமல் ஓட்டுச் சார்ப்பில் இறங்கி, தாழ்வாரத்து வாளியில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. ஞானசிகாமணி மண்ணெண்ணெய் விளக்கைத் தூண்டிவிட்டு, காலையில் மீந்த இட்லியோடு உட்கார்ந்தார். இந்த இட்லிக்கு எந்தப் பேயும் பக்கத்தில் வராது என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். சொன்னது சிரிப்பாக இல்லை. குரல் யாருடையதோ போல் இருந்தது.

மாடியில் இரும்புக் கட்டிலொன்று தரையில் இழுபட்டது.

எலி, என்றார். இழுபடுவது நின்றது. கம்பிகள் முனகின, யாரோ அதில் மெதுவாகப் படுக்கிறார்கள். டீசல் வாசனை படியிறங்கி வந்தது. மேசைக்கு அடியில் காலால் துழாவினார். விரிப்பு இல்லை. தரை மட்டும் ஈரமாக இருந்தது.

“தண்ணி.”

மழைச் சத்தத்தை விடச் சின்ன குரல். கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். போன வருஷம் இரண்டு நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டார்.

“தண்ணி.”

அவர் அழுதுவிட்டார். பயத்தில் பாதி, மீதி வேறு எதிலோ. பதினொரு மாதமாகத் தூக்கத்தில் ஒரு காலை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டிருக்கிற மனுஷர் அவர். எழுந்தார். சொம்பைக் கழுவினார். பானையிலிருந்து விளிம்பு வரை நிரப்பினார். கொடுத்துவிடுவோம், என்றார். குடிக்கட்டும். பிறகு என்னவும் ஆகட்டும். ஒரு கையில் விளக்கு, ஒரு கையில் சொம்பு. சிந்தாமல் படியேறினார். பதினெட்டுப் படி.

ஹால் கதவின் தாழ் மழை ஈரத்தில் இறுகியிருந்தது. இரண்டு கையும் வேண்டும். சொம்பைக் கீழே வைத்தார். விளக்கைப் பக்கத்தில் வைத்தார். தாழை அசைத்து அசைத்துத் திறந்தார். விளக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, பயத்தில் சொம்பை மறந்து, உள்ளே நாலு எட்டு வைத்தார்.

ஐந்து. ஆறு. ஏழு.

கட்டில் இருந்தது. அதில் விரிப்பு இருந்தது. ஆள் இல்லை. நடுவில் பள்ளம். ஒருவர் படுத்த பள்ளம். உள்ளங்கையை வைத்தார். நெருப்பாகச் சுட்டது.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. வேகமாக அல்ல. தூங்குகிறவர்களை எழுப்பாமல் சாத்துவதுபோல்.

தாழ் விழுந்தது.

விளக்கு அணைந்தது. கதவைத் தட்டினார். கத்தினார். மழை. தெருவில் யாருமில்லை. தொண்டை வறண்டது. இவ்வளவு சீக்கிரம் ஒரு தொண்டை வறளாது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உடம்பு கொதித்தது. கழுத்து அரித்தது. தடவினார். தடிப்பு. இன்னொரு தடிப்பு. காதுவரை.

கீழே குனிந்தார். தொப்பை இடிக்க, தரையோடு தரையாகக் கன்னத்தை வைத்தார். வெளியே மின்னல் வெட்டியது. நாலு விரல்கடை இடைவெளியில் தெரிந்தது.

சொம்பு. அவர் வைத்த இடத்திலேயே. விளிம்பு வரை தண்ணீர்.

அதன் பக்கத்தில் இரண்டு கால்கள். வெளுத்தவை. நனைந்தவை. விரல்கள் கதவைப் பார்த்து நின்றன.

கையை நுழைத்தார். முழங்கை வரை போகவில்லை, மணிக்கட்டிலேயே சிக்கியது. விரல்கள் தரையைத் தடவின.

“தண்ணி,” என்றார். “ஆத்தா. தண்ணி.”

ஒரு கால் அசைந்தது. சொம்பை நோக்கி நீண்டது. பெருவிரல் பித்தளையைத் தொடும் தூரம். ஒரு தட்டு. ஒரே ஒரு தட்டு.

கால் நின்றது. மெதுவாக இழுத்துக்கொண்டது.

குதிகால்கள் திரும்பின. கதவுக்கு அப்பாலிருந்து, பிசகில்லாமல், அவர் கற்றுத்தந்த அதே ராகத்தில் கேட்டது.

“போயிட்டு வர்றேன்.”

வேண்டாம், சொல்லாதே என்று உள்ளே ஒருவன் அலறினான். அதற்குள் வறண்ட உதடுகள், இருபது வருஷப் பழக்கத்தில், தாமாகவே திறந்துவிட்டன.

“போயிட்டு வாங்க.”

நனைந்த பாதங்கள் ஒவ்வொரு படியாக இறங்கிப் போயின. பதினெட்டு. கீழே வாசல் கதவு பூட்டப்படும் சத்தம். பிறகு மழை மட்டும்.

இருட்டில் ஐந்து விரல்கள் தரையைத் தடவிக்கொண்டிருந்தன. ஒரு சாண் தள்ளி, சொம்பு நிறையத் தண்ணீர், அசையாமல் இருந்தது.