இடுக்கிக்கு அடங்காத தடி

காலையில் மரம் தூக்கும் சின்ன இடுக்கியின் வாய்க்குள் கச்சிதமாக அடங்கிய வேங்கைத் தடி, மத்தியானம் அடங்கவில்லை.

நேசையா மறுபடியும் வைத்துப் பார்த்தார். இடுக்கியின் இரண்டு பற்களும் தடியின் பாதிக்குக் கீழே இறங்கிக் கவ்வ வேண்டும். அப்போதுதான் தடி கனக்கக் கனக்கப் பிடி இறுகும். தூத்துக்குடி துறைமுகத்தில் கப்பல் சாமான் விற்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, சின்னதும் பெரியதுமாக இரண்டு வாங்கி வந்திருந்தார். இப்போது பற்கள் பாதிக்கு மேலேயே நின்றன. காய்கிற மரம் சிறுக்கும். பருக்குமா?

"காலைல நான்தான வச்சுப் பாத்தேன் மச்சான்? சரியா இருந்துது" என்றான் அப்பாத்துரை. நேசையாவின் தங்கை இன்பமணியின் புருஷன் அவன். அவளுக்கு இது நிறைமாதம். "அவுகளைப் பத்திரமாக் கூட்டிட்டு வந்துருங்கண்ணே" என்று ஏரலில் வண்டிவரை வந்து சொல்லியிருந்தாள்.

ஏரலில் எழும்பிக்கொண்டிருந்த கிறிஸ்தவக் கோயிலுக்கு உத்தரமாகப் போகவேண்டிய தடி அது. களக்காட்டு மலையில் மரம் வெட்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முந்தின நாள் சாயங்காலமே கோடாலியை மரத்தில் சாத்திவைத்து, இதில் குடியிருக்கிறவர்கள் வேறு மரம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வருவார்கள். விடிந்ததும் கோடாலி சாய்ந்தபடி நின்றால் வெட்டலாம், விழுந்து கிடந்தால் தொடக்கூடாது. முந்தாநாள் இந்த வேங்கையடியில் அது விழுந்துதான் கிடந்தது. கூலியாட்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் இறங்கிப் போனார்கள். நேசையாவுக்கு வந்ததே கோபம்! "காத்து தள்ளுன கோடாலிக்கு வேதக்காரன் பயப்படணுமோ?" என்று அதே கோடாலியை எடுத்து வெட்டிச் சாய்த்தார்.

"பெரிய இடுக்கியை எடுத்துட்டு வரட்டா?"

"வேண்டாம் மாப்ள. காலைல அடங்குனது இப்பவும் அடங்கணும்."

வீம்புதான். சம்மட்டியால் பற்களை அறைந்து இறக்கினார். வேங்கைப் பால் சிவப்பாகக் கசிந்து, துவர்ப்பும் ஈர இரும்புமாக ஒரு வாடை எழுந்தது. மலையிலிருந்து இறங்கிய மேகம் மரங்களுக்குள் புகுந்து வெளிச்சத்தை மங்க வைத்தது. விடிந்ததிலிருந்து ஓயாமல் கத்திய சில்வண்டுகள் ஒரே நேரத்தில் அடங்கின. அது நேசையாவுக்குப் பிடிக்கவில்லை.

மூன்று கம்புகளைக் கூட்டி நட்டு, உச்சியில் கப்பி மாட்டியிருந்தார்கள். சங்கிலியின் ஒரு முனையில் இடுக்கி, மறுமுனையில் காளைகள். நேசையா காளைகளை நடத்தினார். தடி முழங்கால் உயரம் எழும்பியது. அடியில் நுழைய வேண்டிய வண்டிச் சக்கரத்துக்கு இடைஞ்சலாகக் கிடந்த கல்லைத் தள்ள அப்பாத்துரை குனிந்தான்.

இடுக்கி வழுக்கியது.

அலறல். காளைகள் மூக்கணாங்கயிறு அறுத்துக்கொண்டு ஓடின. தடி அப்பாத்துரையின் தொடைமேல் கிடந்தது.

நேசையா பெரிய இடுக்கியைக் கொண்டுவந்து போட்டார். காளை இல்லாமல் கையாலாவது தூக்கிவிடலாம் என்று சங்கிலிக்குத் தோளைக் கொடுத்து இழுத்தார். இடுக்கியின் கைகள் ஒன்றோடொன்று முட்டின. பற்கள் மரத்தைத் தொடவே இல்லை. தடி சிறுத்திருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பட்டை உள்ளே இழுத்துக்கொண்டது, மூச்சை விட்ட வயிறுபோல.

அவருக்குப் பயம்தான். பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

"ஏலே! கோடாலி போட்டவன் நான். அவன் என்ன செஞ்சான்? என்ட்ட வாலே!"

பிறகு தடி எழும்பியது.

சங்கிலி தொய்ந்து கிடந்தது. இடுக்கி இரண்டும் தரையில் கிடந்தன. முழங்கால் உயரம். இடுப்பு உயரம். மார்பு உயரம். அங்கேயே நின்றது. அதன் அடியிலிருந்து சிவப்புச் சொட்டு அப்பாத்துரையின் முகத்தில் விழுந்தது.

"மச்சான்... உள்ள வராதீய..."

"வாயை மூடு மாப்ள."

நேசையா குனிந்து அடியில் நுழைந்தார். அவன் கக்கத்தில் கை கொடுத்தார். இழுத்தார். தடி பைய இறங்கியது. பட்டை அவர் முதுகைத் தொட்டது. வெதுவெதுப்பாக இருந்தது. அது மூச்சு வாங்கியது.

"பிடிச்சுக்கலே" என்றார் தடியிடம், பல்லைக் கடித்துக்கொண்டு. "என் தங்கச்சிக்கு இவன் வேணும். விட்டுறாத."

இழுத்தார். இன்னொரு இழுப்பு. வெளியே.

அப்பாத்துரையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கினார். தடி தரையில் விழுகிற சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தார்.

மேகத்துக்குள் அது நின்றது. தரையைத் தொடாமல். தாங்கிப் பிடிக்க எதுவுமில்லாமல். தடியை இழுத்துப் போகிறவர்கள், போகிற பக்கம் பார்த்து அதன் அடிமுனையைத் திருப்பி வைப்பார்கள். வேங்கைத் தடியின் அடிமுனை பைய, சத்தமில்லாமல், அவர்கள் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

அப்பாத்துரை அழுதான். நேசையா அவனை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"ஏரலுக்குத்தான வரணும்?" என்றார் அதைப் பார்த்து. "வா."

அது வந்தது.