அடிக்கட்டையோடு போன மூன்று செக்

1938ஆம் ஆண்டு ஐப்பசி மாதம், செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. கரம்பொன் பள்ளிக்கூடத்து அலுமாரியைத் திறந்த நேசம்மா திடுக்கிட்டாள். பெற்றோர் சங்கத்துச் செக் புத்தகத்தில் மூன்று தாள்களை யாரோ, புத்தகத்திலேயே தங்கவேண்டிய அடிக்கட்டையோடு கிழித்திருந்தார்கள்.

அவள் சங்கத்தின் பொருளாளர். மாரிக்கு முன் கூரை வேய ஓடு வாங்க வேண்டும். அவளும் தலைவர் பரமலிங்கமும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் வங்கி பணம் கொடுக்கும். அலுமாரிக்கு இரண்டு திறப்புகள். ஒன்று தலைவரிடம், மற்றது தலைமையாசிரியர் வின்சன்றிடம்; அன்று அவள் வாங்கித் திறந்தது அவருடையதை.

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க வின்சன்றின் பெயர்தான்.

"நான் தொடேல்லை, அக்கா. வேலையை விட்டிட்டுப் போறன்."

"பொறுங்கோ, மாஸ்ரர்."

மறுநாள் அவள் யாழ்ப்பாணம் போய் வங்கியில் விசாரித்தாள். அந்தச் செக்குகள் வரவே இல்லை. திரும்பியதும் வின்சன்றைக் கூட்டிக்கொண்டு பரமலிங்கம் வீட்டுக்குப் போனாள்.

பரமலிங்கம் காலி நகரில் கடை நடத்தியவர். பாக்குச் சீவுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அன்றோ மனைவி இலட்சுமிப்பிள்ளை சீவிக் கொடுத்தாள். அவர் தேத்தண்ணியை இடக்கையால் எடுத்தார். வலக்கை சால்வைக்குள்ளேயே இருந்தது.

"கள்ளனைப் பிடிச்சாச்சோ, பிள்ளை?"

"கள்ளனே இல்லை, அண்ணை. என்ரை கையெழுத்து இல்லாத செக் கள்ளனுக்கு என்னத்துக்கு? அடிக்கட்டையையும் ஏன் கிழிக்கவேணும்? தான் எழுதினது ஒருதற்றை கண்ணிலையும் படக்கூடாது எண்டு நினைச்சவர்தான் அதைச் செய்தவர். திறப்பு உள்ள இரண்டு பேரிலை, செக்கிலை எழுதுறது நீங்கள்தான். கை நடுங்குது, என்ன?"

பரமலிங்கம் மெல்ல வலக்கையை வெளியே எடுத்தார். அது ஆடிக்கொண்டிருந்தது.

"மூண்டிலையும் கையெழுத்துக் கோணிப்போச்சு. வங்கி திருப்பி அனுப்பினால் ஊர் சிரிக்கும் எண்டு கிழிச்சுப்போட்டன்." பிறகு வின்சன்றைப் பார்த்தார். "உம்மைப் பழி சொல்லேக்கை வாயை மூடிக்கொண்டு இருந்தனான். அது மன்னிக்க ஏலாத பிழை, மாஸ்ரர்."

வின்சன்ற் தன் தேத்தண்ணியைக் கீழே வைத்தார். "ஊருக்கும் இதைச் சொல்லுங்கோ, ஐயா. எனக்கு அது போதும்."

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பரமலிங்கம் எழுந்து எல்லாவற்றையும் தன் வாயாலேயே சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. இனி யார் கையெழுத்து வைப்பது என்று கேள்வி வந்தது.

"வின்சன்ற் மாஸ்ரர்," என்றார் அவர் உடனே.

கூட்டம் கைதட்டியது. வின்சன்றுக்குக் கூச்சம். "என்ரை கையெழுத்துச் சரியான கிறுக்கல், ஐயா."

"வங்கிக்கு வடிவு தேவையில்லை, மாஸ்ரர்," என்று பரமலிங்கம் வாய்விட்டுச் சிரித்தார். "ஒவ்வொருமுறையும் ஒரேமாதிரிக் கிறுக்கினால் போதும்!"