ஒத்துப்போகும் எண்கள்

மெய்யறி தன் தீர்ப்பைப் பதினோரு நிமிடத்தில் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பை மாற்றத் தென்கரைப் பல்கலைக்கழகத்துக்குப் பதினான்கு வாரம் பிடித்தது.

புகார் கொடுத்தவள் ஆவுடைநாயகி. நீரியல் ஆய்வகத்தில் ஆறு வருடமாக உதவி ஆய்வாளர். அவளுடைய தலைவர் பேராசிரியர் சேதுநாராயணன் கண்டுபிடித்த உவர்சல்லடையைத்தான் அப்போது கடற்கரை ஊர்கள் நம்பியிருந்தன. அது உள்ளங்கை அகலச் சவ்வு. ஒரு பக்கம் கடல்நீரை விட்டால் மறுபக்கம் நல்ல தண்ணீர் சொட்டும். மின்சாரம் வேண்டாம். பன்னிரண்டு மாதம் இடைவிடாமல் ஓட்டியும் சவ்வின் பூச்சு கரையவில்லை என்று அவர் கட்டுரை எழுதினார். அந்த ஒரு கட்டுரையை நம்பி நாற்பது ஊர்களின் பொதுக்குழாய்களில் அடுக்கடுக்காகப் பொருத்திவிட்டார்கள்.

ஒரு நாள் பழைய அளவீடுகளைப் புரட்டியபோது, நான்காம் மாதத்து எண்களும் ஒன்பதாம் மாதத்து எண்களும் ஒன்றாக இருப்பதை ஆவுடை கண்டாள். கிட்டத்தட்ட ஒன்று அல்ல. தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் வரை ஒன்று. கடலும் வெயிலும் அப்படித் தங்களைத் தாங்களே நகல் எடுப்பதில்லை. அலமாரியில் கிடந்த ஒரு சவ்வை எடுத்து அவளே ஓட்டிப் பார்த்தாள். நாற்பதாம் நாள் பூச்சு கரைந்து தண்ணீரில் காட்மியம் இறங்கியது. அது சிறுநீரகத்தைத் தின்னும் உலோகம். மறுநாள் புகார் எழுதினாள்.

மெய்யறி இப்படிப்பட்ட புகார்களுக்காகவே செய்யப்பட்ட பொறி. கட்டுரையையும் அதன் மூலப் பதிவுகளையும் கொடுத்தால், எது நடந்தது, எது கற்பனை என்று பிரித்துச் சொல்லும். மாநிலத்தின் முப்பத்தெட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரே மெய்யறி. ஓரிடத்தில் கற்றதை எல்லா இடத்திலும் நினைவில் வைத்திருக்கும். அதன் தீர்ப்பு சட்டப்படி கட்டுப்படுத்தும். ஒரே ஒரு சன்னல் மட்டும் திறந்திருந்தது. பொறி எதையாவது தவறாகப் புரிந்துகொண்டிருந்தால், குற்றம் சாட்டப்பட்டவரின் பல்கலைக்கழகம் வல்லுநர் குழு அமைத்துத் திருத்தக் குறிப்பு எழுதலாம். பேராசிரியர்கள் நேர்மையானவர்கள் என்று நம்பிய யாரோ அந்தப் பிரிவை எழுதியிருக்கிறார்கள்.

சேதுநாராயணனின் எண்கள் புனையப்பட்டவை என்று மெய்யறி சொன்னதும் துணைவேந்தர் பிலவேந்திரன் தன் தலைமையில் குழு போட்டார். மற்ற இருவரில் ஒருவர் சேதுநாராயணனின் மாணவர். இன்னொருவர் ஒரு விருதுக்கு அவருடைய பரிந்துரைக் கடிதத்தை எதிர்பார்த்திருந்தவர். முதல் நான்கு வாரம், நடப்பதை ‘விசாரணை’ என்று அழைப்பதா, ‘கலந்தாய்வு’ என்று அழைப்பதா என்று பேசினார்கள். கலந்தாய்வு என்று முடிவானது. அந்த மூன்று பேரில் ஒருவர்கூட அளவீட்டுக் கோப்பைத் திறக்கவில்லை. திறந்தால் பதிவாகிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஆவுடையை ஒருமுறை கூப்பிட்டார்கள். எண்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பதவி உயர்வுக்கு விண்ணப்பித்தாளா, வீட்டில் ஏதாவது பிரச்சினையா, நன்றாகத் தூங்குகிறாளா என்று கேட்டார்கள். கடைசியில் துணைவேந்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஏம்மா, சேது சார் உனக்கு என்ன குறை வச்சாரு?”

“எனக்கு ஒண்ணும் இல்ல சார். குறை தண்ணியிலதான். நாப்பது ஊர்ல குடிக்கிறாங்க.”

“அது வேற விஷயம்மா” என்றார் அவர். குழு தேநீர் குடிக்க எழுந்தது.

ஒன்பது திருத்தக் குறிப்புகள் எழுதினார்கள். எண்கள் ஒத்திருப்பது கருவிகளின் துல்லியத்துக்கும் ஆய்வாளரின் கவனத்துக்கும் அடையாளம் என்றது முதல் குறிப்பு. சில மாதங்களுக்கு மூலப் பதிவுகள் இல்லாமலிருப்பது மூத்த விஞ்ஞானிகளின் வேலைப்பளுவைக் காட்டும் என்றது மூன்றாவது. புகார் என்பது புகார் சொல்பவரின் மனநிலையைப் பற்றிய தகவல் என்றது ஏழாவது. ஒவ்வொரு குறிப்புக்கும் மெய்யறி கொஞ்சம் இறங்கி வந்தது. ‘புனைவு’ ‘ஐயம்’ ஆனது, ஐயம் ‘கவனக்குறைவு’ ஆனது. ஒன்பதாவதற்குப் பிறகு, குற்றம் ஏதும் இல்லை, எண்கள் சிறந்தவை, புகார்தாரர் பொறாமையால் செயல்பட்டிருக்கிறார், அவரை இலகுவான பணிக்கு மாற்றலாம் என்று தீர்ப்பு வந்தது. குழுவினர் ஒருவருக்கொருவர் கை குலுக்கிக்கொண்டார்கள். உண்மைக்கு அஞ்சாத பல்கலைக்கழகம் என்று துணைவேந்தர் பத்திரிகைகளுக்கு அறிக்கை கொடுத்தார்.

ஆவுடையை மெய்யறி அறைக்கே மாற்றினார்கள். வருகிற புகார்களைத் தட்டச்சு செய்து பொறிக்குள் ஏற்றுவதுதான் வேலை. வேலையை விட்டுவிட்டுப் போயிருப்பாள், ஆனால் குடிநீர்த் துறைக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரட்டும் என்று இருந்தாள். ஐந்து கடிதங்களுக்கும் மெய்யறியின் தீர்ப்பைப் பார்க்கவும் என்ற ஒரே வரிதான் பதில். அதற்குள் வேறொன்றையும் கவனித்தாள். முன்பெல்லாம் மாநிலம் முழுக்க வந்த புகார்களில் மூன்றில் ஒன்று நிரூபணமாகும். இப்போது ஒன்றுகூட இல்லை. துணைவேந்தர்கள் மாநாடு கூட்டி, ஆய்வுலகில் நேர்மை முழுமை அடைந்துவிட்டது என்று தீர்மானம் நிறைவேற்றினார்கள். அதை அவள் இரண்டு முறை படித்தாள். இவ்வளவு படித்தவர்கள் இவ்வளவு சுலபமாகத் திருப்தி அடைவார்கள் என்பதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மறுவருடம் ஒரு காலையில் பிலவேந்திரன் உதவியாளரைக்கூட அனுப்பாமல் தானே அந்த அறைக்கு வந்தார். மேற்குமலைப் பல்கலைக்கழகம் உவர்சல்லடையைத் தன் கண்டுபிடிப்பாக வெளியிட்டுவிட்டது. கட்டுரையும் அதே, பன்னிரண்டு மாத அளவீடும் அதே. அவருக்கு மூச்சு வாங்கியது.

“திருட்டுப் பயலுவ. நாலாவது இலக்கம் வரைக்கும் நம்ம நம்பர்தான். ரெண்டு இடத்துல தனித்தனியாச் செஞ்சா இப்படி ஒண்ணுபோல வருமாம்மா?”

“வராது சார்” என்றாள் ஆவுடை.

அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அவர் சொன்ன வார்த்தைகளை ஒன்றுவிடாமல் தட்டச்சு செய்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார். பதினோரு நிமிடம் கழித்துத் தீர்ப்பு வந்தது. எண்கள் ஒத்திருப்பது இரண்டு ஆய்வகங்களின் கவனத்துக்கும் அடையாளம். குற்றம் ஏதும் இல்லை. புகார்தாரர் பொறாமையால் செயல்பட்டிருக்கிறார். அவரை இலகுவான பணிக்கு மாற்றலாம்.

பிலவேந்திரன் இரண்டு முறை படித்தார்.

“இது தப்பா சொல்லுது. திருத்தக் குறிப்பு எழுது.”

“குற்றம் சாட்டப்பட்டவங்கதான் சார் எழுத முடியும். மேற்குமலைக்காரங்க எழுதணும்.”

மேற்குமலைக்காரர்கள் எழுதவில்லை. பத்து நாளில் பிலவேந்திரனை விடுதி மேம்பாட்டுக் குழுவின் தலைவராக்கினார்கள். ஆவுடை அன்றைக்குப் பேருந்தில் தனியே சிரித்தாள். இறங்க வேண்டிய நிறுத்தம் வருவதற்குள் சிரிப்பு போய்விட்டது. பக்கத்து இருக்கைக்காரரின் செய்தித்தாளில் முதல் பக்கச் செய்தி கண்ணில் பட்டது. உவர்சல்லடையின் பாதுகாப்பை இரண்டு பல்கலைக்கழகங்கள் தனித்தனியே ஆராய்ந்து ஒரே முடிவுக்கு வந்திருப்பதாக மெய்யறி தொகுத்துச் சொல்லியிருந்தது. இன்னும் ஆயிரத்து இருநூறு ஊர்களில் பொருத்த அரசு ஆணையிட்டிருந்தது.

அந்த வாரமே வேலையை விட்டாள். காட்மியம் பட்டால் நிறம் மாறும் சோதனைத் தாள் கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு மணல்முனைக்குப் போனாள். முதலில் சல்லடை பொருத்திய ஊர் அது. பொதுக்குழாயில் ஜெசிந்தா என்ற பெண் குடம் நிரப்பிக்கொண்டிருந்தாள். முகமும் கால்களும் வீங்கியிருந்தன. ஆவுடை கிண்ணத்தில் தண்ணீர் பிடித்துத் தாளை நனைத்தாள். தாள் கருஊதாவாக மாறியது.

“அக்கா, இந்தத் தண்ணியக் குடிக்காதீய. இதுல விஷம் இருக்கு.”

ஜெசிந்தா தாளைப் பார்த்தாள், பிறகு இவளைப் பார்த்தாள்.

“மெய்யறி சொல்லிச்சா?”

“இல்லக்கா. நான் சொல்லுதேன்.”

“நீ யாரு தாயி?”

ஆவுடை நனைந்த தாளை மடக்கினாள். பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தேன் என்றாள். ஜெசிந்தா தலையாட்டினாள். ரெண்டு பல்கலைக்கழகம் சேர்ந்து நல்ல தண்ணி என்று சொல்லியிருக்கிறதாமே, நேற்றுகூட ஒலிபெருக்கியில் சொன்னார்களே என்று கோபமில்லாமல் எடுத்துச் சொன்னாள். வெயிலில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாளே என்று பாவமாக இருந்தது போலிருக்கிறது. குழாயடியில் தொங்கிய சொம்பைக் கழுவி, நிறையப் பிடித்து ஆவுடையிடம் நீட்டினாள்.

“மொகம் வாடிக் கெடக்கு. மொதல்ல கொஞ்சம் குடி” என்றாள்.