ஒன்பதாவது முடிச்சு

வருடக்கணக்காக நான் நுழையும் அதே அறுவை சிகிச்சை அறைதான். பகல் பதினொன்றரை மணி. அன்று மட்டும் உள்ளே தையல் மெஷின் எண்ணெய் வாசம் அடித்தது.

மேசையில் என் தங்கை. அச்சகத்தில் காகிதம் வெட்டும் கத்தி அவளுடைய வலது கையை மணிக்கட்டோடு எடுத்திருந்தது. சொந்தக்காரர்கள்மீது கத்தி வைக்கக் கூடாது என்பார்கள். ஆனால் சின்ன ரத்தக்குழாய்களைத் தைக்க என்னை விட்டால் அங்கே ஆளில்லை.

போன வருடம் இதே மேசையில், இதேபோல் கை துண்டாகி ஒரு தையல்காரம்மா படுத்திருந்தார். குழாயின் முன்சுவரைத் தைத்த என் ஊசி பின்சுவரையும் சேர்த்துப் பிடித்துவிட்டது. குழாய் அடைபட்டது. மூன்றாம் நாள் கை கறுத்தது. நஞ்சேறி அவரும் போய்ச் சேர்ந்தார். "குழாய் நசுங்கிப் போச்சுங்க, எங்க கையில ஒண்ணுமில்ல" என்று அவர் கணவரிடம் சொல்லி, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

நுண்ணோக்கியில் கண் வைத்தேன். அதில் குழாயும் விரல்நுனிகளும்தான் தெரியும்; ஆள் தெரியாது. முடியைவிட மெல்லிய நூலில் எட்டுத் தையல் போட்டு, ரத்தத்தை நிறுத்தி வைத்திருந்த கவ்விகளை எடுத்தேன்.

ரத்தம் ஓடவில்லை.

எண்ணெய் வாசம் நெருங்கி வந்தது.

வெளிச்ச வட்டத்துக்குள் ஒரு விரல் நுழைந்தது. உறை போடாத விரல். நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு. அது குழாயை மெல்லப் புரட்டி, என் ஐந்தாவது தையலைக் காட்டியது.

பின்சுவர். அதே தப்பு.

"சிஸ்டர், எதிர்ல யாரு?"

"யாருமில்லையே டாக்டர்."

எனக்கு அழுகை வந்தது. அந்தத் தையலை வெட்டி மறுபடி போட்டேன். கவ்விகளை எடுத்ததும் குழாய் துடித்தது. வெளிறிக் கிடந்த விரல்கள் சிவந்தன.

நர்ஸம்மா நுண்ணோக்கியின் காட்சி தெரியும் திரையைப் பார்த்து முணுமுணுத்தார். "ஒன்பது தையல் இருக்கே டாக்டர்?"

ஒன்பதாவது முடிச்சு டாக்டர்கள் போடும் முடிச்சு அல்ல. பட்டன் தைத்து முடிக்கிறவர்கள் போடுவது. அதைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை.

சாயங்காலம் வார்டில் தங்கை மயக்கம் தெளியாமல் கிடந்தாள். நான் குனிந்தேன். கட்டுக்கு வெளியே நீட்டியிருந்த அந்த விரல்கள் என் சட்டையின் கைமடிப்பைத் தடவின. தையல் பிரிந்த இடத்தைக் கண்டுபிடித்துப் பற்றிக்கொண்டன.

"நாளைக்கு உங்க வீட்டுக்காரர்கிட்ட உண்மையைச் சொல்லிடறேம்மா" என்றேன், தங்கையிடம் அல்ல.

பிடி இறுகியது.

"இன்னைக்கே."

விரல்கள் விட்டன. படியிறங்கும்போது கைமடிப்பைப் பார்த்தேன். பிரிந்திருந்த இடம் தைக்கப்பட்டிருந்தது. அதே முடிச்சு.